குதிரை இல்லாத ஊரில் ஒரு குதிரைப் புத்தகம்

சென்ற வருடம் ஆடி மாதத்தில் ஒருநாள் தோவாளையிலிருந்து அக்கா ஃபோன் செய்தாள். “லேய், குதிரையில ஏத்தி வச்சா பிள்ளைய பேசுமாமே? ஒரு படம் அனுப்பியிருக்கேன், பாத்துட்டுச் சொல்லு.” வாட்ஸப்பில் வந்திருந்தது ‘தி ஹார்ஸ் பாய்’ என்ற ஆவணப்படத்தின் முன்னோட்டம். மங்கோலியப் புல்வெளி, வெள்ளைக் கூடாரம், ஒரே சேணத்தில் அப்பாவும் மகனும். அக்காவின் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். பத்துப் பதினைந்து சொற்கள் சொல்வான், அவையும் அவனுக்குத் தோன்றும்போதுதான். சென்னையிலும் பெங்களூரிலும் குதிரை வைத்துச் சிகிச்சை செய்கிறார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். கூட்டிக்கொண்டு போகலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. அதற்கு நான் ஒரு பதில் சொல்லவேண்டும்.

படத்தைப் பார்த்தேன். அதே கதையைச் சொல்லும் ரூபர்ட் ஐசக்ஸனின் புத்தகத்தையும் வாங்கிப் படித்தேன். இரண்டுமே 2009-ல் வெளிவந்தவை. முதல் வாசிப்பில் கண் கலங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் முறை அக்காவின் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு படித்தேன். அப்போது அது வேறு புத்தகமாக இருந்தது.

ஐசக்ஸன் இங்கிலாந்தில் பிறந்த பத்திரிகையாளர். சிறுவயதிலிருந்தே குதிரையோடு பழகியவர், குதிரை பழக்குபவரும்கூட. கலஹாரிப் பாலைநிலத்தின் புஷ்மென் மக்களைப் பற்றி ஏற்கெனவே ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அப்போதைய மனைவி கிறிஸ்டின் நெஃப் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தார். மகன் ரோவன் 2001-ன் கடைசியில் பிறக்கிறான். 2004-ல் ஆட்டிசம் என்று தெரியவருகிறது. மணிக்கணக்கில் நீளும் அலறல், கழிப்பறைப் பழக்கம் வராமை, மற்ற பிள்ளைகளை ஏறிட்டும் பார்க்காமை என அந்த வீட்டின் பகலும் இரவும் முதல் அத்தியாயங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஒருநாளாவது போயிருப்பவர்கள் அந்தப் பக்கங்களைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள். கடைக்குள் பிள்ளை தரையில் விழுந்து அலறும்போது சுற்றியிருப்பவர்கள் பார்க்கும் பார்வை டெக்சாஸிலும் வடசேரிச் சந்தையிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

புத்தகத்தின் உயிர் அதற்குப் பின் வரும் ஒரு காட்சியில் இருக்கிறது. ஐசக்ஸன் மகனைக் குதிரைகளின் பக்கமே விடாமல்தான் வைத்திருந்தார். கையைக் காலை ஆட்டிக் கத்தும் பிள்ளை, மிதிபட்டால் என்ன ஆவது? ஒருநாள் அவர் கையிலிருந்து நழுவி ஓடி, வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுக்காரரின் குதிரைக்கூட்டத்துக்குள் போய் ரோவன் மல்லாந்து படுத்துவிடுகிறான். சுற்றிலும் குளம்புகள். கூட்டத்தின் தலைவியான பெட்ஸி என்ற பெண்குதிரை, எதிலும் முதலிடம் பிடிக்கிற, மற்ற குதிரைகளை அடக்கி வைத்திருக்கிற ஒன்று, அவன்முன் தலையைத் தாழ்த்தி வாயை அசைபோடுகிறது. குதிரைகளின் மொழியில் அது பணிவு. தன் வாழ்நாளில் எந்தக் குதிரையும் ஒரு மனிதப்பிள்ளையிடம் கேட்காமலே இப்படிப் பணிந்து தான் கண்டதில்லை என்கிறார் ஐசக்ஸன்.

இதைப் படிக்கும் எவரும் குதிரையைத்தான் பார்ப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் அங்கே மாறியது அப்பா. அதுவரை மகன் போகும் திசையெல்லாம் ஆபத்து என்று இழுத்துக்கொண்டிருந்த மனிதர் முதல்முறையாக அவன் போன இடத்துக்குத் தானும் போகிறார். மறுநாள் சேணம் போட்டு அவனைத் தன் முன்னால் இருத்திக்கொள்கிறார். ஏறணுமா என்று கேட்டால் ஒரு சொல் வருகிறது. பிறகு குதிரைமேல் இருக்கும்போது மட்டும் மேலும் சில சொற்கள். எந்தப் பயிற்சியாளரின் மேஜைமுன்னாலும் வராத சொற்கள். மகனுக்கு முன்னரே இருந்த ஒரு விருப்பத்துக்குள் தானும் நுழைந்துகொள்வது எப்படி என்று ஒரு தகப்பன் கற்றுக்கொண்ட கதை இது. நல்ல புத்தகம் இங்கேயே, டெக்சாஸின் ஒரு மேய்ச்சல்வெளியிலேயே முடிந்திருக்கலாம்.

முடியவில்லை. மங்கோலியா வருகிறது.

2004-ல் புஷ்மென் மருத்துவர்கள் சிலர் அமெரிக்கா வந்தபோது ரோவனைத் தொட்டு வழிபட்டார்கள், அவனிடம் சில நாட்கள் மாற்றம் தெரிந்தது. குதிரையிடமும் மாற்றம் தெரிந்தது. இரண்டையும் சேர்த்தால்? குதிரையும் சாமியாடிகளும் சேர்ந்திருக்கும் தேசம் மங்கோலியா. குதிரையை மனிதன் முதலில் பழக்கிய இடமும் அதுவே என்பது ஐசக்ஸன் சொல்லும் காரணங்களில் ஒன்று. (2021-ல் வந்த பெரிய மரபணு ஆய்வு, இன்றைய குதிரைகளின் தாயகம் அங்கல்ல, மேற்கே வோல்கா, டான் நதிகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளி என்கிறது.) 2007 கோடையில் குடும்பமும் ஒரு படப்பிடிப்பாளரும் கிளம்புகிறார்கள். உலான்பாதர் அருகே மலையடியில் ஒன்பது ஷாமன்கள் சடங்கு செய்கிறார்கள். பெற்றோருக்குச் சாட்டையடி. பிறகு புல்வெளி, ஏரி, கடைசியில் வடக்கே கலைமான் வளர்க்கும் மக்களின் மலையில் கோஸ்ட் என்னும் முதிய ஷாமன்.

படத்தின் இயக்குநர் மிஷெல் ஓரியன் ஸ்காட்டுக்கு அந்த நிலம் பெரும் பரிசு. ஆனால் நேர்மையான ஒரு விஷயம் உள்ளே ஒளிந்திருக்கிறது: பாதி வழியில் ரோவன் குதிரை வேண்டாம் என்கிறான். பயந்து அலறி வேனுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறான். குதிரைக்காகவே உலகின் மறுகோடிக்கு வந்தவர்கள் வேனில் போகிறார்கள்! அங்கே அவனை மீட்பது வழிகாட்டியின் மகனான தோமோ என்ற சிறுவன். ரோவனின் முதல் நண்பன். கூட விளையாட ஒரு பையன். இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஷாமனைப் பற்றியும் குதிரையைப் பற்றியும் பேசுகிறார்கள், தோமோவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஐசக்ஸனே அவனைப் போகிறபோக்கில்தான் தொட்டுச் செல்கிறார். அவன் ஷாமன் அல்லவே.

திரும்பும்போது அலறல் குறைகிறது, கழிப்பறைப் பழக்கம் வருகிறது, நட்பு வருகிறது. ஆட்டிசம் போய்விடவில்லை, குணமானது வேறு, நோய் தீர்ந்தது வேறு என்று ஐசக்ஸன் தெளிவாகவே சொல்கிறார். அந்த நிதானத்துக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் கதையின் கட்டுமானம் அந்த நிதானத்தைத் தின்றுவிடுகிறது. மலையேறி, சடங்கு முடிந்து, மறுநாள் பிள்ளை மாறியதாகக் காட்டினால் வாசகன் என்ன எடுத்துக்கொள்வான்? அக்கா என்ன எடுத்துக்கொண்டாள்?

நமக்கு ஷாமன் புதிதல்ல. எங்கள் மாவட்டத்தில் இப்படி ஒரு பிள்ளை பிறந்த வீட்டின் பாதையை யாரும் வரைந்துவிடலாம். சாமித்தோப்பில் முத்திரிக்கிணற்றுப் பதம், மண்டைக்காட்டில் நேர்ச்சை, ராஜாவூர் மிக்கேல் ஆண்டவர் கோயில், எல்லை தாண்டி பீமாபள்ளி. மதம் இதில் குறுக்கே வருவதில்லை, அது ஒருவகையில் எங்கள் ஊரின் அழகு. அக்கா இவை எல்லாவற்றுக்கும் போயிருக்கிறாள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். அங்கே அவளை யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை, பிள்ளை கத்தினால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து இடம் தருவார்கள். ஆனால் அதே பாதையின் இன்னொரு முனையில் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் 28 பேர் இறந்தார்கள். ரோவன் பிறந்த அதே வருடம். மங்கோலிய மலையில் மேளமடிக்கும் கிழவரைப் பார்த்து நெகிழும்போது எனக்குள் அந்தச் சங்கிலியின் சத்தமும் கேட்கிறது. ஐசக்ஸனுக்கு அது கேட்கவேண்டிய அவசியம் இல்லை. அவர் விமானச்சீட்டோடு போனவர், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தவர்.

புத்தகத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்த இடம் வேறு. ஒரு ஷாமன் கிறிஸ்டினிடம் சொல்கிறார்: கர்ப்பகாலத்தில் உன் வயிற்றுக்குள் ஒரு கருப்புச் சக்தி புகுந்தது, உன் தாய்வழியில் மனநிலை பிறழ்ந்த ஒரு மூதாட்டி இருக்கிறாள், அவள் விடவில்லை. அதற்குப் பரிகாரமாக அவள் ஆற்றங்கரையில் தன் உடலை வோட்காவால் கழுவிக்கொள்ளவேண்டும். படத்தில் கிறிஸ்டின் சிரித்துக்கொண்டே அதைச் சொல்கிறார். புத்தகத்திலும் அது பெரும்பாலும் வேடிக்கையாகவே கடந்துபோகிறது. ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற, வேலையில் இருக்கிற, கணவன் துணை நிற்கிற ஒரு பெண்ணால் அதைச் சிரித்துக் கடக்க முடியும். அக்காவிடம் அவள் மாமியார் இதையேதான் வோட்கா இல்லாமல் சொன்னார். “எங்க குடும்பத்துல இப்படி ஒண்ணு கிடையாது கேட்டியா” என்று. அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, சொல்லவேண்டியதும் இருக்கவில்லை.

இதில் ஷாமனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அறிவியலின் பெயராலேயே ‘குளிர்சாதனப்பெட்டி அம்மா’ என்று பேசினார்கள். அம்மாவின் அன்பு உறைந்துபோனதால் பிள்ளை இப்படி ஆனது என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். அது தவறென்று நிறுவப்படுவதற்குள் எத்தனை தாய்மார்கள்! படத்தில் சைமன் பாரன்-கோஹன், டெம்பிள் கிராண்டின் போன்றவர்கள் வந்து விளக்கம் சொல்கிறார்கள். அம்மாவின் வயிற்றில் குற்றம் சுமத்தும் இந்தப் பழைய நோயைப் பற்றி அவர்களில் ஒருவரிடமாவது படம் கேட்டிருக்கலாம்.

சரி, குதிரை நிஜமாகவே ஏதாவது செய்கிறதா? செய்கிறது. ஆனால் இரண்டு வெவ்வேறு காரியங்களைச் செய்கிறது, அவற்றைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. முதலாவது உடல் சார்ந்தது. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாக, பக்கவாட்டில், மேல்கீழாக என மூன்று திசையிலும் அசைகிறது. மேலே கால்களை அகற்றி உட்கார்ந்திருப்பவரின் இடுப்பெலும்பு, அவரே நடந்தால் எப்படி அசையுமோ ஏறக்குறைய அப்படி அசைக்கப்படுகிறது. மூளைவாதம் உள்ள, ஒருபோதும் நடந்திராத ஒரு குழந்தையின் இடுப்புக்கு நடை என்றால் என்ன என்று அப்போதுதான் தெரியவருகிறது. குதிரையின் உடல்சூடு நம்முடையதைவிடச் சற்று அதிகம். அந்தச் சூட்டில் இறுகிய தொடைத்தசை இளகுகிறது. 2003-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில் மூளைவாதம் உள்ள 15 குழந்தைகளில் ஒரு பகுதியினரை 8 நிமிடம் நடக்கும் குதிரைமேலும், மற்றவர்களை 8 நிமிடம் அசையாத பீப்பாய்மேலும் உட்காரவைத்தார்கள். குதிரைமேல் இருந்தவர்களின் இடதுவலது தசைகள் சமமாக வேலைசெய்யத் தொடங்கின. பீப்பாய் அதைச் செய்யவில்லை. இதில் மந்திரம் இல்லை, ஒரு பிசியோதெரபிஸ்ட் அருகில் இருந்து குதிரையின் நடையை மருந்தின் அளவுபோலக் கூட்டிக் குறைக்கிறார். ஒருவர் கடிவாளத்தைப் பிடித்து நடக்க, இரண்டுபேர் இரு பக்கமும் வருவார்கள்.

இந்தத் துறைக்கு ஊக்கம் தந்தவர் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல். 1944-ல் போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. ஏறவும் இறங்கவும் ஆள் வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஜுபிலி என்ற குதிரையின்மேல் டிரெஸாஜ் போட்டியில் வெள்ளி வென்றார். அந்தப் போட்டியில் பெண்கள் அனுமதிக்கப்பட்டதே அந்த வருடம்தான். 1956-ல் மறுபடியும் வெள்ளி. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்ற அமைப்புகள் 1969-ல் உருவாயின. ஹார்ட்டெலின் கதையில் எனக்குப் பிடித்தது, அதில் யாரும் அவரைக் குணப்படுத்தவில்லை என்பதே. கால் கடைசிவரை செயலிழந்துதான் இருந்தது. அவர் சவாரி செய்தார், அவ்வளவுதான்.

ஆட்டிசத்தில் நடப்பது இரண்டாவது காரியம். அது தசையைவிட உறவைச் சார்ந்தது, ஆகவே அளப்பது கடினம். 2015-ல் கொலராடோவிலிருந்து வந்த ஆய்வில் 6 முதல் 16 வயதுவரையான நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சீட்டுக்குலுக்கல்போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு 10 வாரம் சவாரி செய்தது. இன்னொரு குழு அதே லாயத்தில், உயிருள்ள குதிரை இல்லாமல், குதிரைகளைப் பற்றிக் கற்றது. சவாரி செய்தவர்களிடம் எரிச்சலும் பரபரப்பும் குறைந்தன, சொற்கள் கூடின. ஆக, குதிரைக்கென்று ஒரு பங்கு உண்டு. ஆனால் அது 10 வாரப் பங்கு, ஐசக்ஸன் தரும் மலையுச்சிக் காட்சி அல்ல.

குதிரை சார்ந்த இன்னொரு படத்தை இதனருகில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. க்ளோயி ஜாவ் 2017-ல் எடுத்த ‘தி ரைடர்’. தெற்கு டக்கோட்டாவில் பைன் ரிட்ஜ் என்ற பூர்வகுடி நிலத்தில், ரோடியோவில் விழுந்து மண்டை உடைந்த இளைஞன் ப்ரேடி. நடித்தவர் ப்ரேடி ஜாண்ட்ரூவே, அடிபட்டதும் அவருக்கே. அவருடைய அப்பாவும், ஆட்டிச நிறமாலையில் இருக்கும் தங்கை லில்லியும் தாங்களாகவே வருகிறார்கள். நண்பன் லேன் ஸ்காட் ஒருகாலத்தில் காளைச் சவாரிக்காரர், ஒரு விபத்தால் இன்று பேச்சும் நடையும் இல்லாமல் சக்கரநாற்காலியில் இருப்பவர். ப்ரேடி அவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகிறான். ஒரு சேணத்தில் அவரை ஏற்றி உட்காரவைத்து, கடிவாளத்தைக் கையில் கொடுத்து, முன்னால் நின்று குதிரையாகத் தானே இழுபடுகிறான். அந்த அறையில் குதிரை இல்லை. அங்கே ஒரு மனிதன் குதிரையாக நிற்கிறான். இந்தத் துறையைப் பற்றி நான் பார்த்ததிலேயே சிறந்த காட்சி அதுதான். லேனின் முகத்தில் வருவது நினைவு. அவர் குணமாகப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

அந்தப் படத்தில் இன்னொன்றும் உண்டு. ப்ரேடி நேசித்துப் பழக்கிய குதிரை முள்கம்பியில் கால் கிழிந்து கிடக்கிறது. அதைக் கொல்லத்தான் வேண்டும். தன்னைப்போல அடிபட்ட மிருகத்தைச் சுட்டுவிடுவார்கள், மனிதன் என்பதால் தன்னை வாழவைத்திருக்கிறார்கள் என்று அவன் தங்கையிடம் சொல்கிறான். ஐசக்ஸனின் புத்தகத்தில் குதிரைக்கு நோவதே இல்லை. பெட்ஸி ஒரு தேவதை. குதிரைச் சிகிச்சை பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் இப்படித்தான். நாளெல்லாம் வட்டமாக நடந்து, முதுகில் நிலைகொள்ளாமல் சாயும் பாரத்தைத் தாங்கும் மிருகத்தின் தரப்பு எங்கும் வருவதில்லை.

தமிழில் இதற்கு நிகரான ஒன்றை யோசித்தால் கிடைப்பதில்லை. நாஞ்சில்நாட்டு எழுத்தில் யானை உண்டு, குதிரை வாகனமாக மட்டும்தான். சாமித்தோப்பில் எட்டாம் திருவிழா கலிவேட்டையில் அய்யா வெள்ளைக்குதிரை வாகனத்தில் வருவார், மரக்குதிரை. உயிருள்ள குதிரை இங்கே வாழ்வதே சிரமம். பாண்டிய நாட்டுக்குக் கப்பல்கப்பலாகக் குதிரை வந்து, வளர்க்கத் தெரியாமல் செத்துப்போவதை மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். ஊனமுற்ற உடலைப் பற்றி எங்கள் ஊரிலிருந்து வந்த பெரிய நாவல் ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’. 2003-ல் வந்தது. அங்கே ஊனமுற்றவர்கள் ‘உருப்படி’கள், வாங்கி விற்கப்படும் சரக்கு. பாலா அதைத் தழுவி எடுத்த ‘நான் கடவுள்’ வெளியான வருடமும் 2009. ஒரு பக்கம் பிள்ளையின் ஒரு சொல்லுக்காகக் கண்டம் தாண்டும் தகப்பன், மறுபக்கம் உருப்படி பெற்ற பிள்ளையையே முதலாக எண்ணும் பண்டாரம். ஆனால் ‘ஏழாம் உலக’த்தில் உருப்படிகள் தங்களுக்குள் சிரிக்கிறார்கள், கிண்டலடிக்கிறார்கள், அவர்களுக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. ரோவனுக்கு 400 பக்கத்துக்கு அருகில் வரும் தன் புத்தகத்தில் அப்படி ஒரு உள்ளறை கிடையாது. அவனை அப்பாவின் முகத்தின் வழியாகவே பார்க்கிறோம். நெகிழ்ச்சி மிகுந்த புத்தகத்தைவிடக் குரூரமான நாவல் இந்த இடத்தில் அதிக மரியாதை காட்டுகிறது என்று எனக்குப் படுகிறது.

இவ்வளவையும் ஃபோனில் சொல்ல முடியாது. கொடைவிடை நாளில் ஊருக்குப் போனபோது சொன்னேன். முதல் பகுதியைக் கதையாகச் சொன்னேன், பெட்ஸி தலைதாழ்த்தியதை, அப்பா பின்னாலேயே ஏறி உட்கார்ந்ததை. அத்தான் திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசமாட்டார். மருமகனுக்கு முப்பந்தல் காத்தாடிகள் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அத்தான் அவனைப் பைக்கின் டேங்க்மேல் முன்னால் இருத்திக்கொண்டு ஆரல்வாய்மொழி தாண்டிப் போவார். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி இரண்டுபேரும் ஒருமணி நேரம் காத்தாடி சுற்றுவதைப் பார்ப்பார்கள். வீட்டில் இதை யாரும் ஒரு காரியமாக நினைத்ததில்லை. “சோலிமெனக்கெட்ட வேல” என்று அக்காவே சொல்லியிருக்கிறாள்.

“அங்க போனா ஏதாம் சொல்லுவானா அத்தான்?”

“என்னத்த... ‘நிக்கி, நிக்கி’ம்பான், ஒண்ணு நின்னா. சுத்துகத எண்ணுவான். நூறு தாண்டிப் போவான் பாத்துக்கிடுங்க.”

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். நூறுவரை எண்ணுவான் என்பது அவளுக்கே தெரியாது.

பெங்களூர் போகலாமா என்றால், பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு பத்துவாரம் போய்ப்பார் என்றுதான் சொல்லியிருப்பேன், பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு. வீட்டை இரண்டாக்கி, கடன்வாங்கி, மலையுச்சியில் பிள்ளை மாறிவிடும் என்று நம்பிப் போகவேண்டாம். அதைச் சொன்னேன். அவள் கொஞ்சநேரம் பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“அந்த வோட்கா ஊத்திக் குளிச்ச பிள்ள... அது தனியா ஏதாம் எழுதியிருக்கா?”

எழுதியிருக்கிறார், 2011-ல், தன்னிடமே பரிவோடு இருப்பது பற்றி ஒரு புத்தகம், அதில் ரோவனும் வருகிறான் என்றேன்.

“அத வாசிச்சிட்டு வந்து சொல்லு. குதிரக்கதை போதும்.”